என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கு: 1996-ல் விதித்த அந்தத் தடையை நீக்குங்கள்

மதிப்புக்குரிய ஆடம் சில்வர் அவர்களுக்கு,

வணக்கம். 1996 மார்ச் 12 அன்று டென்வர் நகெட்ஸ் அணியின் ஆட்டக்காரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் மீது, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான உங்கள் என்.பி.ஏ. விதித்த தடையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர் எழுந்து நிற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சம்பளம் இல்லாமல் ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைத்தீர்கள். தண்டனை கொடுத்த அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் 2020-ல் காலமாகிவிட்டார். தண்டனை வாங்கியவர் ஐம்பதைக் கடந்து நம்மோடு இருக்கிறார். ஸ்டெர்னுக்குப் பிறகு 2014-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் நீங்கள். ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மடலைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஸ்டெஃப் கரி எறியும் மூன்று புள்ளிப் பந்துகளை ஃபோனில் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அவர்களில் பலருக்கு அப்துல் ரவூஃபின் பெயர் தெரியாது. 2016-ல் கரியின் ஆட்டத்தைப் பார்த்து உலகமே வாய் பிளந்து நின்றபோது, முன்னாள் பயிற்சியாளர் பில் ஜாக்சன் ட்விட்டரில் நினைவூட்டிய பெயர் இவருடையதுதான். கொஞ்ச காலமே ஆடினாலும் பிரமாதமாக ஆடியவர் என்ற பொருளில் எழுதினார். சரி, அந்தக் காலம் ஏன் அவ்வளவு கொஞ்சமாகப் போனது?

1969-ல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட்டில் பிறந்தபோது அவர் பெயர் கிறிஸ் ஜாக்சன். அம்மா ஒருத்தியாக வளர்த்த பிள்ளை. வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அத்தோடு உடம்பும் சொன்னபடி கேட்கவில்லை. கழுத்து தானாக வெட்டி இழுக்கும், கண்கள் படபடக்கும், வாயிலிருந்து சத்தம் வரும். படிப்பு வராத பிள்ளை என்று பள்ளியில் தனி வகுப்பில் போட்டார்கள். அது டூரெட் என்னும் நரம்புக் கோளாறு என்று மருத்துவர்கள் பெயர் சொன்னபோது அவர் பதின்பருவத்தின் பிற்பகுதிக்கு வந்துவிட்டிருந்தார்.

அந்தக் கோளாறு அவரை எதையும் மனதுக்குச் சரியாகப் படும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தது. ஷூ கயிற்றைக் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். பந்தெறிவதிலும் அதே கதைதான். கூடைக்குள் விழுந்தால் மட்டும் போதாது. வளையத்தில் உரசாமல் விழ வேண்டும், வலை எழுப்பும் சத்தமும் அவர் காதுக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும். வரிசையாக இத்தனை என்று ஒரு கணக்கு வைத்திருப்பார். கடைசிப் பந்து வளையத்தை லேசாகத் தொட்டுவிட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். களைத்துப் போனாலும், இருட்டிவிட்டாலும், கணக்கு முடியாமல் அவரால் கிளம்ப முடியாது. அந்த வாதையிலிருந்து பிறந்த கை அது.

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே ஆட்டத்துக்குச் சராசரி 30.2 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் முதலாண்டு மாணவர்களுக்கு அது சாதனை. அடுத்த வருடம் ஷக்கீல் ஓ'நீல் அதே அணிக்கு வந்து சேர்ந்தார். அப்போதும் அணியின் முதல் நட்சத்திரம் ஆறடி ஓர் அங்குல உயரமுள்ள இவர்தான். லீக்கின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில், 1990-ல், மூன்றாவது ஆளாக டென்வர் எடுத்துக்கொண்டது.

கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் வாழ்க்கைக் கதையைக் கல்லூரியில் அவர் கையில் கொடுத்தவர் பயிற்சியாளர் டேல் பிரவுன். அதிலிருந்து தொடங்கிய வாசிப்பு அவரை எங்கெங்கோ கொண்டுபோனது. 1991-ல் இஸ்லாத்தைத் தழுவினார். 1993-ல் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டார். லீக்கில் மிக அதிகமாக முன்னேறிய ஆட்டக்காரர் என்று நீங்கள் விருது கொடுத்ததும் அதே 1993-ல்தான். 1993-94 பருவத்தில், எதிரணி தவறு செய்யும்போது தடையில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்கள் 229-ல் 219 உள்ளே. பருவம் முழுக்கப் பத்தே பத்துதான் தவறின. அவற்றில் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் கால்வின் மர்ஃபி வைத்திருந்த அன்றைய விகிதச் சாதனை முறிந்திருக்கும். அந்த வருடம்தான் எட்டாம் இடத்தில் இருந்த டென்வர், முதலிடத்தில் இருந்த சியாட்டிலை ப்ளே ஆஃபில் வீழ்த்தியது. உங்கள் லீக்கில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆட்டம் முடிந்ததும் டென்வரின் டிக்கெம்பே முட்டோம்போ பந்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி தரையில் மல்லாந்து கிடந்த காட்சியை இன்றும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், அவ்வளவு அழகு.

1995-96 வந்தது. டிசம்பரில் யூட்டா ஜாஸ் அணியின் சொந்த மைதானத்தில், அவர்களுடைய நட்சத்திரம் ஜான் ஸ்டாக்டனை எதிரில் வைத்துக்கொண்டே, 51 புள்ளிகள். பிப்ரவரி 4 அன்று டென்வருக்கு ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் வந்தது. அந்தப் பருவத்தில் 72 வென்று 10 மட்டுமே தோற்ற அணி அது. 18 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்தவர்களை டென்வர் 105-99 என்று அனுப்பி வைத்தது. அப்துல் ரவூஃப் 32 புள்ளிகள் எடுத்தார், 9 கூடைகளுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஐந்து வாரம் கழித்துத்தான் உங்கள் தடை.

அந்தப் பருவத்தில் கீதம் ஒலிக்கும் நேரத்தில் அவர் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிடுவார், அல்லது ஓரமாக உட்கார்ந்து கை கால்களை நீட்டிக்கொண்டிருப்பார். யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கோஷம் இல்லை, பதாகை இல்லை. அணி நிர்வாகத்துக்கு இது தெரியும். மாதக்கணக்கில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மார்ச்சில் உள்ளூர் வானொலியும் செய்தியாளர்களும் பேசத் தொடங்கிய பிறகுதான் நாடு கொந்தளித்தது. கேட்டவர்களிடம் அவர் ஒளிக்காமல் சொன்னார்: அந்தக் கொடி தனக்கு அடக்குமுறையின், கொடுங்கோன்மையின் சின்னமாகப் படுகிறது, இறைவனுக்கு மட்டுமே உரிய மரியாதையை ஒரு கொடிக்குக் கொடுக்கத் தன்னால் இயலாது, இதற்காகக் கூடைப்பந்தையே விட வேண்டி வந்தாலும் விடுவேன்.

கடுமையான பேச்சுதான். பலருக்கு மனம் புண்பட்டிருக்கும். போர்முனைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் டென்வரில் இருந்தன; அவர்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஹக்கீம் ஒலாஜுவான் போன்ற இன்னொரு முஸ்லிம் ஆட்டக்காரரே அவர் நிலைப்பாட்டை ஏற்கவில்லை. அப்துல் ரவூஃப் சொன்னது மதத்தின்படி சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் லீக்கும் அந்தக் கேள்விக்குள் போயிருக்கக் கூடாது. ஒரு மனிதன் தன் மனசாட்சியை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பதற்குப் பக்கத்து ஆளின் மனசாட்சியை அளவுகோலாக வைக்க முடியாது. 'ஒலாஜுவான் நிற்கிறாரே, இவர் ஏன் நிற்கக் கூடாது' என்று அன்று கேட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

உங்கள் விதி சொல்வது இது: கீதம் ஒலிக்கும்போது ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் வரிசையாக, கண்ணியமான தோற்றத்தில் நிற்க வேண்டும். அந்த வருடம் அவருடைய சம்பளம் 26 லட்சம் டாலர். அதை 82 ஆட்டங்களால் வகுத்து, 31,707 டாலரைப் பிடித்தீர்கள். ஆர்லாண்டோவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இல்லை. ஆட்டக்காரர்கள் சங்கம் அவர் பக்கம் நின்றது. இரண்டு நாளில் ஓர் உடன்பாடு வந்தது: அவர் எழுந்து நிற்பார், ஆனால் கண்களை மூடி, இரு கைகளையும் ஏந்தி, துன்பப்படும் மக்களுக்காக மனதுக்குள் துஆ, அதாவது பிரார்த்தனை, செய்வார். மார்ச் 15 அன்று சிகாகோவில் அப்படித்தான் நின்றார். அரங்கம் முழுக்க அவரைப் பார்த்து ஊளையிட்டது. அவர் கைகளை இறக்கவில்லை.

அதே மாதம் டென்வரின் ஒரு வானொலி நிலையத்து ஆட்கள் அங்குள்ள பள்ளிவாசலுக்குள் நுழைந்து, தொழுகைக்கான இடத்தில் டிரம்பெட் வைத்துத் தேசிய கீதம் வாசித்தார்கள். நிகழ்ச்சிக்காகச் செய்தார்களாம். அந்தப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்? லீக் ஒருவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்தினால் ஊரில் சிலர் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்பதை உங்கள் அலுவலகம் அன்று யோசித்திருக்க வேண்டும்.

இந்த மடலின் வலியான பகுதி இனிமேல்தான். அந்தப் பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரி 19.2 புள்ளிகள் எடுத்தார். டென்வரில் அவரைவிட அதிகம் எடுத்தவர் யாரும் இல்லை. பருவம் முடிந்து ஜூனில் அவரை சாக்ரமென்டோவுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு வாங்கியது முப்பதைக் கடந்த சாருனாஸ் மார்ச்சுலியோனிஸையும் ட்ராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஓர் இடத்தையும். சாக்ரமென்டோவில் ஆடும் நேரம் வருடத்துக்கு வருடம் சுருங்கியது. இரண்டாவது வருடம் மொத்தமே 31 ஆட்டங்கள். 1998-ல் ஒப்பந்தம் முடிந்தபோது வயது 29. பந்தெறிபவர்கள் உச்சத்துக்கு வருகிற வயது. துருக்கிக்குப் போனார். 2000-01-ல் வான்கூவர் அணியில் ஒரு வருடம், பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட்டத்துக்குச் சில நிமிடங்கள். அப்புறம் ரஷ்யா, இத்தாலி, கிரீஸ், சவூதி அரேபியா, கடைசியாக ஜப்பான். நாற்பதைத் தாண்டியும் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவரால் உங்கள் லீக்கில் முப்பதுகளில் அந்த ஒரே ஒரு வருடம்தான் ஆட முடிந்தது.

எல்லா அணிகளும் கூடிப் பேசி அவரை ஒதுக்கின என்பதற்குக் காகிதச் சான்று எதுவும் நான் பார்த்ததில்லை. அதனால் அப்படிக் குற்றம் சாட்டவும் மாட்டேன். பயிற்சியாளர்களின் விருப்பம், அணிகளின் தேவை என்று காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஃப்ரீ த்ரோ எறிவதில் லீக்கின் முதல் ஆளாக இரண்டு முறை வந்தவர், 1996-ல் சாம்பியனான அணியை 32 புள்ளிகளோடு மண்ணைக் கவ்வ வைத்தவர், இரண்டே வருடத்தில் ஓர் அணிக்கும் வேண்டாதவராக ஆனதை வெறும் கூடைப்பந்துக் காரணங்களால் விளக்க என்னால் முடியவில்லை. கிரெய்க் ஹாட்ஜஸ் விஷயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1990 முதல் 1992 வரை லீக் நடத்தும் மூன்று புள்ளிப் பந்தெறியும் போட்டியைத் தொடர்ந்து வென்றவர். வெள்ளை மாளிகைக்கு சாம்பியன் அணியோடு டஷிகி என்னும் ஆப்பிரிக்கச் சட்டை அணிந்து போய், கறுப்பின மக்களின் நிலை பற்றி அதிபர் புஷ்ஷுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 1992-ல் புல்ஸ் அவரை விட்டது. வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை. 1993-ல் அணியே இல்லாத ஆளாக வந்து அந்தப் போட்டியில் கலந்துகொண்டார். அவர் லீக் மீது போட்ட வழக்கு, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் நிற்கவில்லை. என்ன நடந்தது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். நீங்கள் நல்ல முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள், அதை மறைத்து எழுதினால் தப்பு. 2014-ல் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே, இனவெறி பேசிய அணி உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங்கை ஆயுள் முழுக்கத் தடை செய்தீர்கள். 2016-ல் காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளைக் கண்டித்து டிஷர்ட் அணிந்த பெண்கள் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதலில் அபராதம் விதிக்கப்பட்டது; சில நாட்களில் அந்த லீக்கே அதை ரத்து செய்தது. விதித்த தண்டனையைத் திரும்பப் பெறுவது உங்கள் வட்டாரத்துக்குத் தெரியாத வேலை இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

2020 ஜூலை 30 அன்று கொரோனாவால் நின்றிருந்த லீக் ஆர்லாண்டோவில் மறுபடி தொடங்கியபோது, கறுப்பின உயிர்கள் முக்கியம் என்று ஆடுகளத்திலேயே எழுதி வைத்திருந்தீர்கள். முதல் ஆட்டத்தில் இரண்டு அணிகளும், பயிற்சியாளர்களும், நடுவர்களும் கீதத்தின்போது மண்டியிட்டார்கள். அன்றே நீங்கள் அறிக்கை விட்டீர்கள்: அணிகளின் ஒற்றுமையான அமைதிப் போராட்டத்தை மதிக்கிறேன், இந்தத் தனிப்பட்ட சூழலில் அந்த விதியைச் செயல்படுத்த மாட்டேன். அடுத்த நாள் ஆர்லாண்டோ மேஜிக்கின் ஜோனதன் ஐசக், தன் கிறிஸ்தவ நம்பிக்கையைக் காரணம் சொல்லி, எல்லோரும் மண்டியிட்ட வரிசையில் தனியாக நின்றார். அவருடைய அணி அவர் முடிவுக்கு மரியாதை கொடுத்தது. அவர் மனசாட்சியை யாரும் ஆட்டத் தடையால் அளக்கவில்லை. அது மிகச் சரியான நடத்தை. 1996-ல் மஹ்மூதுக்குக் கிடைத்திருக்க வேண்டியதும் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அறிக்கையில் நீங்கள் விதியை நீக்கவில்லை, ஒரு சந்தர்ப்பத்துக்காக ஒதுக்கி வைத்தீர்கள். 2017-ல், அதிபர் டிரம்ப் கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் அலுவலகம் எல்லா அணிகளுக்கும் அதே விதியை நினைவூட்டிக் குறிப்பு அனுப்பியது. 2021 பிப்ரவரியில் டல்லாஸ் அணி தன் சொந்த மைதானத்தில் கீதம் வாசிப்பதையே நிறுத்தியிருந்தது வெளியே தெரிந்தபோதும், எல்லா அணிகளும் வாசித்தே ஆக வேண்டும் என்றீர்கள். அந்தப் பருவத்தில் டல்லாஸில் கீதம் வாசிக்கப்படாததும் பல ஆட்டங்கள் வரை செய்தியாகவில்லை. அப்துல் ரவூஃப் உட்கார்ந்திருந்தது போலவே. ஆக, விதி அப்படியே இருக்கிறது. நானூறு பேர் சேர்ந்து மண்டியிட்டால் அது தளரும். ஒருவர் தனியாக உட்கார்ந்தால் கடிக்கும். கூட்டத்தோடு நிற்பவனைவிடத் தனியாக நிற்பவனுக்குத்தான் விதிப்புத்தகத்தின் பாதுகாப்பு தேவை. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1943-ல், பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் லீக்கை அந்தத் தீர்ப்பு கட்டாது என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நாடு கொடுத்த இடத்தை வளர்ந்த மனிதனுக்கு லீக் கொடுக்காமல் இருப்பதை அது நியாயமாக்கிவிடாது.

2021-ல் கரீம் அப்துல் ஜப்பாரின் பெயரில் சமூக நீதிக்கான விருதைத் தொடங்கினீர்கள். வெல்பவர் சொல்லும் அமைப்புக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கிறீர்கள். 2022-ல் பழம்பெரும் ஆட்டக்காரர் பில் ரஸ்ஸல் மறைந்த பிறகு, அவருடைய 6-ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுக்காதபடி எல்லா அணிகளிலும் ஓய்வு பெற வைத்தீர்கள். ரஸ்ஸலும் கரீமும் தங்கள் காலத்தில் வாய் திறந்து பேசியதற்காக வசவு வாங்கியவர்கள். இவ்வளவும் செய்த லீக்கின் ஏட்டில் 31,707 டாலர் தண்டனை ஒன்று இன்னும் கிடக்கிறது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அப்துல் ரவூஃப் யாரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. 2001-ல் மிசிசிப்பியில் அவர் கட்டிய வீடு எரிந்துபோனது. அதற்கு முன்பே அங்கே கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் மூன்றெழுத்தைக் கிறுக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் அணிக்கு மூன்று பேர் ஆடும் பிக் த்ரீ லீக்கில் இறங்கிப் பந்தெறிந்தார். 2020-ல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அவருடைய 35-ஆம் எண்ணை ஓய்வு பெற வைத்து அரங்கின் கூரையில் ஏற்றியது. 2022-ல் அவருடைய சுயசரிதையை வெளியிட்டது, 2016-ல் கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக்கின் பதிப்பகம். இருபது வருட இடைவெளியில் ஒரே காரணத்துக்காக வேலை போன இரண்டு பேர். பல்கலைக்கழகம் செய்துவிட்டது, சக போராளி செய்துவிட்டார். மிச்சம் இருப்பது தண்டனை கொடுத்தவர்கள்.

நான் கேட்பது பெரிய விழா எதுவும் இல்லை. 1996 மார்ச் 12 தடை தவறு என்று லீக்கின் பெயரில், உங்கள் கையெழுத்தோடு ஓர் அறிக்கை. 'அன்றைய சூழலில்' என்று இழுக்காமல், 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று மழுப்பாமல், தவறு என்ற சொல் அதில் இருக்க வேண்டும். பிடித்த பணத்தை அவரிடமோ அவர் சொல்லும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லாத தொகை. அதோடு, மனசாட்சியின் காரணமாக நிற்க முடியாதவர் நிற்க வேண்டியதில்லை என்று அந்த விதியில் ஒரு வரி சேருங்கள். ஐசக்குக்கு 2020-ல் நடைமுறையில் கிடைத்த இடம், பெயர் தெரியாத ஒரு பெஞ்ச் ஆட்டக்காரனுக்கும் எழுத்தில் கிடைக்க வேண்டும். அவனுக்காக வாதாட 1996-ல் போல மறுபடி சங்கம் ஓடி வர வேண்டிய நிலை வரக் கூடாது.

பில் ரஸ்ஸலுக்கான மரியாதை அவர் போன பிறகு வந்தது. ஸ்டெர்ன் போய்விட்டார், முட்டோம்போவும் 2024-ல் போய்விட்டார். அறிக்கை எழுத முடிவு செய்தால் தள்ளிப்போடாதீர்கள். செய்தியாளர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை அப்துல் ரவூஃபுக்கு அனுப்பிவிடுங்கள். 1996-ல் தன் மீதான தடையைப் பற்றி உலகத்தோடு சேர்த்துப் பேச வேண்டி வந்தவர் அவர். இதையாவது முதலில் அவர் தனியாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகர்